மூன்று சைபர் சேர்த்த கதை

1955-இல் அமெரிக்காவில் ஒரு வினாடி வினா நிகழ்ச்சி தன்னை யோக்கியன் என்று காட்டிக்கொள்ளச் செய்த செலவைக் கேட்டால், நிஜ யோக்கியன் எவனும் மிரண்டுபோவான். கேள்விகள் வங்கிப் பெட்டகத்தில் தூங்கின. செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு வங்கி அதிகாரி ஒருவர் கேள்விகளோடு மேடைக்கு வருவார், துணைக்குத் துப்பாக்கி ஏந்திய காவலர்கள். ஒரு பக்கம் ஐபிஎம் இயந்திரம். பொத்தானை அமுக்கினால் கேள்வி அட்டையைத் துப்பும். தொகை ஏற ஏற, போட்டியாளரை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்திக் கதவைச் சாத்திவிடுவார்கள். அரங்கத்திலிருந்து யாரும் விடையை முணுமுணுத்துவிடக் கூடாதாம்.

பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைப் போலீஸ் காவலோடு கொண்டுவந்து காட்டினால், நம் ஊரில் பெண்ணின் அத்தை அந்த நிமிடமே சந்தேகப்படுவாள். அமெரிக்காவுக்கு அப்படி ஓர் அத்தை இல்லை. தேசமே சோபாவில் உட்கார்ந்து வாயைப் பிளந்தது.

நிகழ்ச்சியின் பெயர் '64,000 டாலர் கேள்வி'. இருபத்தொரு வருடம் கழித்து இதையே சிக்கனமாக மறுபடி எடுத்தபோது '1,28,000 டாலர் கேள்வி' என்று பெயர் வைத்தார்கள். கையில் காசு குறைந்தால் பெயரை இரண்டு மடங்காக்கு என்பது இந்தத் தொழிலின் பால பாடம். ஆனால் பூர்வ கதை அதற்கும் முன்னால் போகிறது, வெறும் 64 டாலருக்கு.

1940-இல் சிபிஎஸ் வானொலியில் 'டேக் இட் ஆர் லீவ் இட்' என்றொரு நிகழ்ச்சி வந்தது. எவர்ஷார்ப் பேனாக் கம்பெனி உபயம். முதல் கேள்விக்கு ஒரு டாலர், அப்புறம் இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போய் 64-இல் நிற்கும். இருப்பதை வாங்கிக்கொண்டு கிளம்பலாம், அல்லது துணிந்து அடுத்ததற்குப் போகலாம். துணிகிறவரைப் பார்த்து அரங்கமே "வருத்தப்படப் போறே!" என்று ராகம் போட்டுக் கத்தும். கலைகளை நாம் 64-இல் நிறுத்திக்கொண்டது ஞானத்தால். பேனாக்காரர்கள் நிறுத்திக்கொண்டது கட்டுப்படியாகாததால் என்று வைத்துக்கொள்ளலாம்.

லூயிஸ் கோவன் என்ற தயாரிப்பாளருக்கு இந்த எண்ணின் மேல் ஒரு கண். 64 பக்கத்தில் மூன்று சைபர் போட்டுப் பார்த்தார். அவர் செய்த கண்டுபிடிப்பு அவ்வளவுதான். உலகத்துக்கு சைபரைக் கொடுத்தது நாம், அதைக் கொண்டு கல்லா கட்டியது அவர். நேரமும் கூடிவந்தது. பரிசு அள்ளிவிடும் நிகழ்ச்சிகள் சூதாட்டம் ஆகாது என்று 1954-இல்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. நீதிபதிகளே கதவைத் திறந்துவிட்ட பிறகு 64 டாலரோடு யார் நிற்பார்கள்? 1940-இன் 64 டாலர், 1955 விலைவாசிப்படி 122 டாலர் அளவுக்குத்தான் வரும். கோவன் 64,000 கொடுத்தார். அதாவது, ரெவ்லான் கம்பெனி கொடுத்தது.

ரெவ்லான் லிப்ஸ்டிக்கும் நகப்பூச்சும் விற்கிற கம்பெனி. முதலாளி சார்லஸ் ரெவ்சன். அறிவுக்கும் அவர் சரக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். தொடர்பு இல்லை என்பதுதான் அழகு. 1955 ஜூன் 7-இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி தொடங்கியது, சில வாரங்களில் நாட்டின் முதல் இடத்துக்குப் போனது. அதுவரை அசைக்க முடியாமல் இருந்த 'ஐ லவ் லூசி' நகைச்சுவைத் தொடரையே அந்தப் பருவத்தில் கீழே தள்ளியது.

வெற்றிக்குக் காரணம் கேள்வியும் அல்ல, பதிலும் அல்ல, ஆள் பிடித்த விதம். பேராசிரியர் ஷேக்ஸ்பியரைப் பற்றிப் பேசினால் ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள். ஆகவே ஷேக்ஸ்பியருக்கு நியூயார்க் போலீஸ்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். ஓபரா சங்கீதத்துக்குச் செருப்புத் தைக்கும் தொழிலாளி. சமையலுக்கு மரைன் படையின் கேப்டன். அமர காதல் கதைகளுக்கு ஒரு பாதிரியார். இதை நான் கற்பனை செய்யவில்லை. குத்துச்சண்டைக்கு உளவியல் படித்த ஒரு பெண்மணி. எந்த நாற்காலியில் யார் உட்காரக் கூடாதோ அவரை உட்காரவைப்பது என்று ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டினார்கள்.

சமையல் தெரிந்த கேப்டன் ரிச்சர்ட் மெக்கட்சன்தான் 64,000-ஐ முதலில் தொட்டவர், செப்டம்பர் 13-இல். கடைசிக் கேள்விக்கு நிபுணர் ஒருவரைக் கூண்டுக்குள் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. உலகத்துச் சமையல் வல்லுநர்களை எல்லாம் விட்டுவிட்டு அவர் தன் அப்பாவைக் கூட்டிப்போனார். இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் 1939-இல் பிரெஞ்சு அதிபருக்கு வைத்த விருந்தில் பரிமாறிய ஐந்து பதார்த்தங்களையும் இரண்டு ஒயின்களையும் சொல்ல வேண்டும். சொன்னார். தேசம் கண்ணீர் விட்டது. போர் தொடங்கிய வருடம் யாரோ இருவர் சாப்பிட்ட சாப்பாட்டுக்காகக் கோடிக்கணக்கானவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்றால், இந்த வித்தையின் வீரியத்தை யோசித்துக்கொள்ளுங்கள்.

செருப்புத் தைத்த ஜினோ ப்ராத்தோ இன்னும் பெரிய ஹீரோ. 32,000 வரை ஏறினார். அடுத்த கேள்விக்குப் போகலாமா என்று ஊரே பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தபோது, இத்தாலியிலிருந்து தொண்ணூறு தாண்டிய அப்பாவிடமிருந்து தந்தி வந்தது: இருக்கிற இடத்திலேயே நில். நின்றுவிட்டார். இவ்வளவு கூட்டத்திலும் நிதானம் தவறாத ஒரே ஆள், அமெரிக்கத் தொலைக்காட்சியே பார்க்காத அந்தக் கிழவர். இந்த 32,000-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

லிப்ஸ்டிக் விற்பனை? ஒரே வருடத்தில் ரெவ்லானின் மொத்த விற்பனை பாதிக்கு மேல் எகிறியது. ஒரு ரகம் கடைகளில் தீர்ந்துபோய், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நிகழ்ச்சியிலேயே கெஞ்ச வேண்டியதாயிற்று. போட்டிக் கம்பெனியான ஹேசல் பிஷப் அந்த வருடம் நஷ்டக் கணக்குக் காட்டி, பங்குதாரர்களிடம் பழியை இந்த நிகழ்ச்சியின் மேல் போட்டது. செருப்புத் தொழிலாளிக்கு ஓபரா தெரிந்ததால் இன்னொரு கம்பெனியின் லிப்ஸ்டிக் விலைபோகவில்லை. பொருளாதாரப் பாடப் புத்தகத்தில் இதற்கு அத்தியாயம் கிடையாது.

இனி, மேடைக்குப் பின்னால் போவோம். வாராவாரம் ஸ்பான்சரும் தயாரிப்பாளர்களும் கூடுவார்கள். முதலாளியின் தம்பி மார்ட்டின் ரெவ்சன் தலைமை. எந்தப் போட்டியாளர் வந்த வாரம் எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று கணக்கு எடுத்துவைத்து, இவர் இருக்கட்டும், அவர் போகட்டும் என்று அபிப்பிராயம் சொல்வார்கள். வங்கிப் பெட்டகத்துக்கு உள்ளே இருந்த கேள்விகள் இந்த அபிப்பிராயத்துக்குத் தக்கபடிதான் உருவாயின. எப்படி? மிகவும் மரியாதையாக. தேர்வுப் பேட்டி என்ற பெயரில் போட்டியாளரிடம் நூறு விஷயம் கேட்பார்கள். அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று கணக்கு எடுத்துக்கொள்வார்கள். இருக்க வேண்டியவருக்குத் தெரிந்ததைக் கேட்பார்கள், போக வேண்டியவருக்குத் தெரியாததை. காவலர்கள் காத்ததெல்லாம் கடைசி அரை மணி நேரப் பயணத்தை மட்டும்தான்.

இந்தத் திட்டத்தில் ஓட்டை போட்டவர் குத்துச்சண்டை அம்மையார் ஜாய்ஸ் பிரதர்ஸ். ஸ்பான்சருக்கு அவரைப் பிடிக்கவில்லை. கிளப்பிவிடுங்கள் என்று சொல்லியாயிற்று. யாரும் நினைவில் வைத்திராத கேள்விகளாகப் பொறுக்கினார்கள். சண்டை போட்டவர்களை விட்டுவிட்டு நடுவர்களைப் பற்றிக்கூடக் கேட்டார்கள். அம்மையாரோ குத்துச்சண்டைக் கலைக்களஞ்சியங்களை அப்படியே உருப்போட்டிருந்தார். 1955 டிசம்பரில் 64,000-ஐ வாங்கிக்கொண்டு, பிற்பாடு குத்துச்சண்டை வீரர்களையே எதிர்த்து இன்னொரு முறையும் ஜெயித்தார். அந்த மேடையில் நடந்த ஒரே சுத்தமான சண்டை, நடத்தியவர்களுக்கும் அவருக்கும் நடந்ததுதான்.

எதிர் சேனல் சும்மா இருக்குமா? என்பிசி 1956-இல் 'ட்வென்டி ஒன்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஜாக் பேரி கேள்வி கேட்பவர், டேன் என்ரைட் தயாரிப்பாளர். ரெவ்லான் தரப்பு கையாண்ட நாசூக்கெல்லாம் இங்கே கிடையாது. விடைகளையே கொடுத்துவிட்டார்கள். ஹெர்ப் ஸ்டெம்பல் என்ற மாணவருக்கு ஏழைக் கோலம் போட்டார்கள்: தொளதொள கோட்டு, ஒட்ட வெட்டிய முடி, டிக் டிக் என்று சத்தம் போடும் மலிவுக் கடிகாரம். கூண்டின் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு வேர்க்கவைத்தார்கள். வேர்வையைத் துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும் என்றுகூட ஒத்திகை நடந்தது. அறிவை நடிக்கவைப்பது சுலபம் போலும், வேர்வைக்குத்தான் டைரக்டர் வேண்டியிருந்தது.

அப்புறம் ஸ்டெம்பல் சலித்துப்போனார். சார்லஸ் வான் டோரன் என்ற கொலம்பியா விரிவுரையாளர், பெரிய இடத்துப் பிள்ளை, லட்சணமானவர், வந்து சேர்ந்தார். 1955-இன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு என்ற கேள்விக்கு ஸ்டெம்பல் தவறாகச் சொல்லித் தோற்க வேண்டும். சரியான விடை 'மார்ட்டி'. அது அவர் மூன்று தடவை பார்த்து உருகிய படம். சொல்லிக்கொடுத்தபடி 'ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்' என்றார். கணக்கில் தோற்பது வேறு, பிடித்த படத்தில் தோற்கச் சொல்வது வேறு. அந்தக் காயம் ஆறவில்லை. பத்திரிகை பத்திரிகையாக ஏறி இறங்கிப் புலம்பினார். யாரும் நம்பவில்லை, ஏனென்றால் அவரை நம்பத் தகாத மூஞ்சியாகத் தயாரித்ததே அவர்கள்தான்.

சங்கதி வெளியே வந்தது வேறு வழியில். 1958 மே மாதம் 'டாட்டோ' என்ற மூன்றாவது நிகழ்ச்சியில் ஒரு போட்டியாளர் தன் நோட்டுப் புத்தகத்தை உடைமாற்றும் பக்கம் விட்டுவிட்டுப் போக, காத்திருந்த இன்னொருவர் புரட்டிப் பார்த்தார். அன்றைய விடைகள் அத்தனையும் உள்ளே. பெட்டகம், காவலர், இயந்திரம் எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டு கவிழ்த்துவிட்டது. அந்த நவம்பரில் '64,000 டாலர் கேள்வி'யும் நின்றது. மறுவருடம் நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. காதல் கதைப் பாதிரியார் வந்து தனக்கு விடை கிடைத்த விதத்தைச் சொன்னார். சிறுமியாக இருந்த நடிகை பாட்டி டியூக்கும் சொன்னார். வான் டோரன் உடைந்துபோய் ஒப்புக்கொண்டார். ரெவ்சன் சகோதரர்கள் மட்டும், செய்ததெல்லாம் தயாரிப்பாளர்கள், நாங்கள் அபிப்பிராயம்தான் சொன்னோம் என்றார்கள். முதலாளி அபிப்பிராயம் சொன்னால் அதை யாரும் காதில் வாங்காமல் போவதுதானே உலக வழக்கம்!

வினாடி வினாவில் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் ஜெயித்த டெடி நாட்லர் 1960-இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் வேலைக்கு விண்ணப்பித்து, அதற்கான தேர்வில் தவறிவிட்டார். வீட்டு வாசலில் நின்று தலைகளை எண்ணுகிற வேலை. அந்தத் தேர்வுக்கு ஸ்பான்சர் கிடையாது.

1960-இல் வினாடி வினாவில் தில்லுமுல்லு செய்வது மத்தியச் சட்டப்படி குற்றம் ஆனது. சேனல்கள் பெரிய தொகை என்றாலே பேய் கண்ட மாதிரி ஓடின. பட்ஜெட் சுருங்கியது, நிகழ்ச்சிகள் பகல் நேரத்துக்குப் போயின. மெர்வ் கிரிஃபின் என்ற தயாரிப்பாளர் புதிதாக ஒரு நிகழ்ச்சிக்கு யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி ஜூலான், விடையை முதலிலேயே கொடுத்துவிட்டுக் கேள்வியைச் சொல்லச் சொல்லேன் என்றார். விடை கொடுத்ததற்குத்தானே எல்லோரையும் கூண்டில் ஏற்றினார்கள், இனி பகிரங்கமாகவே கொடுப்போம்! அப்படிப் பிறந்ததுதான் 1964-இன் 'ஜெப்பர்டி'. முதல் சுற்றில் ஒரு கேள்வி 10 டாலருக்குத் தொடங்கும். அரை நூற்றாண்டு தாண்டி இன்றும் ஓடுகிற இந்த நிகழ்ச்சியின் மூலதனம், ஒரு மனைவியின் நக்கல்.

காலம் ஆறாத புண்ணையும் ஆற்றும், குறிப்பாக விளம்பர வருமானம் இருந்தால். 1972-இல் ஜாக் பேரியே திரும்பி வந்துவிட்டார், 'தி ஜோக்கர்ஸ் வைல்ட்' என்ற நிகழ்ச்சியோடு. இந்தத் தடவை மேடையில் நின்றது ராட்சத சூதாட்ட இயந்திரம். எனக்கு இது பிடித்திருக்கிறது. வங்கி வேஷம் போட்டு மாட்டிக்கொண்டவர், சூதாட்ட விடுதி வேஷத்தில் யாருக்கும் குறையில்லாமல் பிழைத்தார். ஆனால் சிபிஎஸ் ஜாக்கிரதையாக இருந்தது: ஒரு போட்டியாளர் 25,000 டாலருக்கு மேல் ஜெயிக்கக் கூடாது.

இங்கேதான் நம் கதாநாயகனுக்கு, அதாவது பழைய நிகழ்ச்சிக்கு, சிக்கல். '64,000 டாலர் கேள்வி'யை மறுபடி எடுக்க ஆசை. ஆனால் அது பிறந்த வீட்டில் வரம்பு 25,000. '25,000 டாலர் கேள்வி' என்று பெயர் வைத்தால் யார் பார்ப்பார்கள்? எனவே சேனலை விட்டுவிட்டு, நிலையம் நிலையமாகத் தனித்தனியே விற்கும் வழியில் 1976 செப்டம்பரில் இறக்கினார்கள். வாரம் ஒரு அரை மணி. மைக் டாரோ கேள்வி கேட்டார். தனிப் பெரும் ஸ்பான்சர் மொத்தச் செலவையும் ஏற்கிற காலம் மலையேறிவிட்டது.

பெயரில் மட்டும் குறை வைக்கவில்லை. 1,28,000! உள்ளே போய்ப் பார்த்தால் கேள்விகள் பழைய 64,000-இல்தான் முடிந்தன. அந்த 64,000-ஐ எட்டியவர்களைப் பருவக் கடைசியில் ஒன்றுகூட்டி மோதவிட்டு, அதில் ஜெயிக்கிற ஒருவருக்கு இன்னொரு 64,000. மற்றவர்களுக்குப் பெயர்ப் பலகையில் பார்த்த தொகை பெயர்ப் பலகையிலேயே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1955-க்கும் 1976-க்கும் நடுவில் அமெரிக்க விலைவாசி 2.1 மடங்கு ஏறியிருந்தது. இரட்டிப்பு என்று தம்பட்டம் அடித்த 1,28,000, பழைய காசில் 60,000 சொச்சம்தான். அதாவது, பெயரை இரண்டு மடங்காக்கியும் பழைய பரிசை எட்டவில்லை. சாதாரணமாக 64,000 வாங்கியவர் பாடு இன்னும் மோசம்: பழைய காசில் 30,000 சொச்சம். அப்பாவின் தந்திக்குக் கட்டுப்பட்டு ப்ராத்தோ பாதியில் எடுத்துக்கொண்டு போன 32,000, இருபது வருடம் கழித்துக் கடைசிவரை ஏறி ஜெயித்தவர்களின் பணத்தைவிட அதிகம். அந்தக் கிழவரை அமெரிக்காவின் நிதி அமைச்சராக்கியிருக்கலாம்.

இரண்டாவது பருவத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டு கனடாவின் டொராண்டோவுக்குப் போனார்கள். நியூயார்க்கைவிட அங்கே செலவு குறையும் என்பதைக் கண்டுபிடிக்க யாரையும் கூண்டில் அடைக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்து மண்ணின் மைந்தரான அலெக்ஸ் ட்ரெபெக் கேள்வி கேட்க வந்தார். அதே 1977-இல் நியூயார்க்கில் பழைய '64,000 டாலர் கேள்வி' நடந்த சிபிஎஸ் ஸ்டுடியோ 52, ஸ்டுடியோ 54 என்ற டிஸ்கோவாகத் திறந்தது. வாசலில் நின்று யார் உள்ளே போகலாம், யார் போகக் கூடாது என்று முகம் பார்த்துத் தீர்மானித்தார்கள். கட்டடத்துக்கு அந்த வேலை புதிதல்ல.

டொராண்டோவில் நடந்ததோ ஒழுங்கான நிகழ்ச்சி. சட்டம் இருந்தது, ஜெயிலும் இருந்தது. யார் தில்லுமுல்லு செய்வார்கள்? தெரிந்தவர் ஜெயித்தார், தெரியாதவர் போனார். யாருக்கும் வேர்க்கவில்லை. சலித்துப்போன போட்டியாளரைக் கழற்றிவிட ஆள் இல்லை, ஜனங்களுக்குப் பிடித்தவரைக் கைதூக்கிவிடவும் ஆள் இல்லை. ரெவ்சன் சகோதரர்களின் வாராந்தரக் கூட்டம்தான் பழைய நிகழ்ச்சியின் கதை இலாகாவாக இருந்திருக்கிறது என்பது அதை எடுத்த பிறகுதான் உறைத்தது. 1978-இல் இழுத்து மூடினார்கள். ஊழல் இல்லை, விசாரணை இல்லை, இன்றைக்கு ஞாபகம் வைத்திருப்பாரும் அனேகமாக இல்லை. ட்ரெபெக் மட்டும் 1984-இல் 'ஜெப்பர்டி'க்குப் போய், 2020-இல் இறக்கும்வரை அந்த மேடையிலேயே நின்றார்.

ஆசை மட்டும் சாகவில்லை. 1999-இல் மைக்கேல் டேவிஸ் என்ற தயாரிப்பாளர் ஏபிசி சேனலுக்காக இதைத் தூசு தட்டினார். இம்முறை ஒரு சைபர் சேர்த்து '6,40,000 டாலர் கேள்வி'. பாதி வழியில் பிரிட்டனில் ஓடிக்கொண்டிருந்த 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' கண்ணில் பட, இதைக் கீழே போட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டார். அமெரிக்காவில் அது போட்ட போடு தெரிந்ததுதான். மறுவருடம் அதன் இந்தி வடிவம் அமிதாப் பச்சனோடு நம் வீட்டுக் கூடத்துக்கே வந்து உட்கார்ந்தது.

வயிறு எரிந்த சிபிஎஸ், 2000-இல் பழைய '64,000 டாலர் கேள்வி'யின் உரிமையை வாங்கியது. மில்லியனர்காரர்கள் பத்து லட்சம் கொடுக்கிறார்களா? நாம் அதற்கு மேல் ஒரு 64,000 கொடுப்போம்! விளையாட்டு வர்ணனையாளர் கிரெக் கம்பலைக் கேள்வி கேட்க வைத்து, '10,64,000 டாலர் கேள்வி' என்று பெயரும் சூட்டினார்கள். மொய் எழுதும்போது ஆயிரத்தோடு ஒரு ரூபாய் சேர்க்கிற நம் வழக்கத்தை யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நிகழ்ச்சி ஒளிபரப்பாகவே இல்லை. பரிசுத் தொகை வகையில் சிபிஎஸ்ஸுக்கு ஒரு டாலர்கூடச் செலவாகவில்லை.